இல்லாத மண்ணுக்குப் பட்டா: இணைய விளையாட்டுகளில் வீடும் சந்தையும்

1

நிலம் போதவில்லை என்று யாராவது சொன்னால் அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். பூமி அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை என்பது ஒன்று. இருக்கிறது, யாரோ வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்பது மற்றொன்று. நிஜ மண்ணில் இவ்விரண்டும் பின்னிக் கிடப்பதால், எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டுவதற்கே அரசியல் பொருளாதாரம் இருநூறு ஆண்டுகளாகப் படாதபாடு படுகிறது. முதல் காரணம் அறவே இல்லாத ஓர் உலகம் இருந்தால்? அங்கே ஓர் ஏக்கர் என்பது கணினி நினைவகத்தில் சில எண்கள். இன்னொரு கண்டம் வேண்டுமா, ஆள் வைத்து வரைந்து சேர்த்துவிடலாம். கடல் அரிக்காது, ஆறு திசை மாறாது. அப்படிப்பட்ட உலகத்திலும் வீட்டுமனைக்காக ஜனங்கள் ராப்பகலாகக் காத்துக் கிடக்கிறார்கள், குலுக்கலில் எண் விழவில்லை என்று புலம்புகிறார்கள், இடிந்து விழப்போகும் வீட்டைச் சுற்றிக் கழுகுகள் மாதிரி நிற்கிறார்கள் என்றால், இந்தப் பற்றாக்குறையை யார் செய்தது, எதற்காகச் செய்தது என்ற கேள்வியை ‘இயற்கை’யின் தலையில் போட்டுத் தப்பிக்க முடியாது.

நான் பேசுவது இணையத்தில் ஆடப்படும் மாயப்புனைவு விளையாட்டுகளைப் பற்றி. ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில், ஆளுக்கொரு அவதாரம் எடுத்து, வாளும் மந்திரமுமாகத் திரிகிற உலகங்கள் இவை. டிராகனைக் கொல்வது மட்டும்தான் அங்கே நடக்கிறது என்று நினைப்பவர்கள் ஒரு மணி நேரம் உள்ளே போய்ப் பார்க்கவேண்டும். தோல் பதனிடுகிறார்கள், இரும்பு உருக்குகிறார்கள், கடை போடுகிறார்கள், வீடு கட்டிச் சாமான்களை அடுக்குகிறார்கள்.

விளையாட்டு என்றதும் நம் விமர்சகர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ‘போலிப் பிரக்ஞை’ என்பது ஒன்று. ‘சின்னப் பசங்க சமாச்சாரம்’ என்பது இன்னொன்று. இரண்டும் வாசிக்க மறுப்பதற்கான சாக்குகள் என்பதே என் எண்ணம். ஒரு நாவலின் கருத்தியலை அதன் கதையாடலில் தேடுகிறோம். இவ்வுலகங்களின் கருத்தியல் கதையில் இல்லை (கதை பெரும்பாலும் அரதப்பழசு). அது விதிகளில் இருக்கிறது. கதவுச் சாவி யாரிடம் இருக்கும், கடையை எங்கே வைக்கலாம், ஒருவர் இன்னொருவருக்கு எதைக் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கிற விதிகளே இங்கு பிரதி. அந்தப் பிரதியைத்தான் வாசிக்கப் பார்க்கிறேன்.

2

ஆதிகதை ஒன்றைச் சொல்லிவிடலாம். 1986இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவு, கமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்காக ‘ஹேபிடாட்’ என்ற உலகத்தைச் சோதனைக்கு விட்டது. பலர் கூடி வாழ்கிற, கண்ணால் பார்க்கக்கூடிய உலகங்களில் முன்னோடி அது. புதிதாகப் பிறக்கும் அவதாரத்துக்கு ஒரு வீடு இலவசம், கையில் 2000 டோக்கன், நாள்தோறும் உள்ளே வந்தால் 100 டோக்கன். பொருள் வாங்க இயந்திரங்கள், விற்க அடகு இயந்திரங்கள். உலகம் கொஞ்சம் சுவையாக இருக்கட்டுமே என்று இயந்திரத்துக்கு இயந்திரம் விலையை மாற்றி வைத்திருந்தார்கள். அதில் இரண்டு விலைகள் தவறிப்போயின. ஓரிடத்தில் 75 டோக்கனுக்குக் கிடைத்த பொம்மையை நகரத்தின் இன்னொரு பக்கம் அடகு இயந்திரம் 100க்கு வாங்கிக்கொண்டது. 18,000க்குக் கிடைத்த படிகக் கோளத்துக்கு 30,000 கொடுத்தது. ஒரு சிலர் இதைக் கண்டுபிடித்து, ராத்திரி முழுக்கப் பொம்மை சுமந்து, சேர்த்த காசில் படிகக் கோளம் சுமந்தார்கள். பொழுது விடிந்தபோது அவ்வுலகின் மொத்தப் பணம் ஐந்து மடங்காகியிருந்தது.

உருவாக்கியவர்களான சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் 1990இல் ஒரு கருத்தரங்கில் வாசித்த கட்டுரையில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். மையமாக உட்கார்ந்து திட்டமிட முடியாது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம். எனக்கோ கதையின் வால்பகுதி முக்கியமாகப் படுகிறது. அப்படிச் சம்பாதித்தவர்கள் அந்தப் பணத்தை வைத்து மற்றவர்களுக்காகப் புதையல் வேட்டைகள் நடத்தினார்கள். வீடு இலவசம், பசி கிடையாது, பதுக்கி என்ன பண்ணுவது? ஊர்கூட்டி விழா எடுத்தார்கள். பணம் இருந்தும் நிலம் சரக்காக இல்லாத ஓர் உலகத்தில் திடீர்ப் பணக்காரன் ஜமீன்தார் ஆகவில்லை, திருவிழாக்காரன் ஆனான் என்பதை மறக்காமல் வைத்துக்கொள்வோம்.

3

நிலம் சரக்கானது 1997இல். அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த ‘அல்டிமா ஆன்லைன்’ தன் பிரிட்டானியா நாட்டில் வீட்டை வரைபடத்தின் மேலேயே வைத்தது. பத்திரம் வாங்கி, மரமும் பாறையும் இல்லாத சமதளம் ஒன்றைத் தேடி வைத்தால் வீடு எழும்பும். அந்த இடத்தில் இனி வேறு யாரும் கட்ட முடியாது. எதிரே நடந்துபோகிற எல்லோர் கண்ணுக்கும் அது தெரியும். சாவி என்பது பையில் கிடக்கிற ஒரு பொருள். காட்டில் உங்களைக் கொன்று பையைக் கவிழ்த்தவன் கையில் சாவி கிடைத்தால் வீடு அவன் போய்வருகிற வீடு. இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். ஆனால் உடைமை என்பது கடைசியில் பலாத்காரத்தின் மேல்தான் நிற்கிறது என்பதை இவ்வளவு பச்சையாகச் சொன்ன பிரதி வேறெதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

சீக்கிரமே சமதளம் தீர்ந்துபோயிற்று. வந்தவர்கள் கட்டினார்கள், பிந்தி வந்தவர்கள் பார்த்தார்கள். கோட்டைகளும் மாளிகைகளும் இ-பே ஏலத்தில் நிஜ டாலருக்குக் கைமாறின. பின்னாளில் ஒரு கணக்குக்கு ஒரு வீடு என்ற விதி வந்தது (நில உச்சவரம்பு என்று படித்துக்கொள்ளவும்). 2000இல் அதே நிலப்பரப்பை அச்சு அசலாகப் படியெடுத்து, விருப்பமில்லாதவரைக் கொல்ல முடியாத ‘டிராமல்’ என்ற இரண்டாவது உலகத்தைத் திறந்தார்கள். அங்கும் ஓடிப்போய் இடம் பிடித்தார்கள். பரப்பை இரட்டிப்பாக்கினாலும் நெருக்கடி இரட்டிப்புப் பேரிடம் போய்ச் சேர்ந்ததே தவிரத் தீரவில்லை.

வீட்டுக்கு வயசும் உண்டு. சொந்தக்காரர் வந்து புதுப்பிக்காவிட்டால் அது படிப்படியாகத் தேய்ந்து, கடைசியில் ‘இடியும் நிலை’ என்ற பலகை வரும். இடிகிற நேரத்தைக் கணக்குப் போட்டு வெளியே கூட்டம் நிற்கும். இடிந்ததும் உள்ளே இருந்ததெல்லாம் தரையில் சிதறும். ஒரு பகுதி ஆட்கள் சாமான்களை அள்ள, இன்னொரு பகுதி அதே நொடியில் காலியான மனையில் தங்கள் பத்திரத்தை ஊன்றுவார்கள். விளையாடுவதை நிறுத்திவிட்ட யாரோ ஒருவரின் சேகரம் அங்கே கிடக்கும்: சண்டையில் கிடைத்த கேடயம், நண்பர் பெயர் பொறித்த புத்தகம்.

இவ்வளவு கொடுமை இருந்தும் பழைய ஆட்கள் அந்த உலகத்தை நினைத்து உருகுகிறார்களே, ஏன்? வெறும் கடந்தகால ஏக்கம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. அல்டிமாவில் வீடுதான் கடை. வாசலில் சம்பளத்துக்கு ஒரு விற்பனையாளை நிறுத்தலாம். அவன் நீங்கள் தூங்கும்போதும் உங்கள் சரக்கை விற்பான், தினக்கூலியை உங்கள் காசிலிருந்து எடுத்துக்கொள்வான். எந்தக் கடையில் என்ன இருக்கிறது என்று தேடிச் சொல்லும் பட்டியல் ஆரம்பத்தில் எதுவும் கிடையாது. நடந்து போய்ப் பார்க்கவேண்டும், யாராவது சொல்லவேண்டும். இரும்புக் கவசம் நன்றாக அடிக்கிற கொல்லர் இன்ன பாலத்துக்குத் தெற்கே இருக்கிறார் என்ற செய்தி வாய்வழி பரவும். சிலர் தங்கள் வீட்டையே பொது நூலகமாக்கி, உலகின் பல இடங்களுக்குத் தாவிச் செல்ல உதவும் மந்திரக் கற்களை வழிப்போக்கர்களுக்காகத் திறந்து வைத்தார்கள். இதை எந்த நிரலும் கட்டளையிடவில்லை. ஒருவர் வாசலுக்கு இன்னொருவர் வரவேண்டிய தேவை இருந்தது. அந்தத் தேவையிலிருந்து தெரு பிறந்தது.

4

இப்போது சந்தைக்கு வருவோம். 1999 மார்ச்சில் வெளிவந்த ‘எவர்க்வெஸ்ட்’ தன் நார்ரத் உலகத்தில் வீடும் கொடுக்கவில்லை, ஆட்டக்காரர்களுக்கான சந்தையும் கொடுக்கவில்லை. ஆனாலும் பல சர்வர்களில் கிழக்குப் பொதுநிலம் என்ற பகுதியிலிருந்த ஒரு சுரங்கப்பாதைக்குள் ஜனங்கள் தாமாகவே கூடினார்கள். சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, தன்னிடம் இருப்பதையும் தனக்கு வேண்டியதையும் கூவினார்கள். விலை என்பது காதில் விழுந்து பழகுகிற சங்கதியாக இருந்தது. ஏமாற்றியவன் பெயர் அன்றைக்கே நாறிவிடும். பேரம், பொய், கடன், ஓசியில் ஒரு மந்திரக் காப்பு, வம்பு எல்லாம் அங்கே இருந்தன. பொருளாதார அறிஞர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா 2001 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில் நார்ரத்தின் தலைக்குரிய உற்பத்தியை ஆண்டுக்கு 2266 டாலர் என்று மதிப்பிட்டு, அதை ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில் வைத்தார். உலகப் பத்திரிகைகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வியந்தன. சுரங்கப்பாதையை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

அதே மாதத்தில் நிறுவனம் ‘பஜார்’ என்ற இடத்தை அமைத்துக் கொடுத்தது. அவதாரத்தை அங்கே வியாபாரியாக நிறுத்திவிட்டுப் போய்விடலாம், வாங்குபவர் பட்டியலில் தேடிக்கொள்வார். இதற்காகக் கணினியை ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்கினார்கள். ஒருகாலத்தில் கூவிய வாய்கள் வரிசையாக ஊமைகளாக நின்றன. சுரங்கப்பாதை காலியாயிற்று.

2004 நவம்பரில் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இதை இன்னும் ஒரு படி தள்ளி ஏலக்கூடமாக்கியது. விற்பவர் நிற்கவும் வேண்டாம். பொருளை ஒப்படைத்தால் போதும், பணம் தபாலில் வரும், நிர்வாகம் ஒரு தரகு எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை. ஆரம்பத்தில் ஏலக்கூடம் ஒரு சில ஊர்களில் மட்டுமே இருந்ததால் அயர்ன்ஃபோர்ஜ், ஆர்க்ரிம்மார் இரண்டும் பிதுங்கி வழிந்தன, கணினிகள் திணறின. திணறலை ஒழிக்க 2006இல் மற்றத் தலைநகரங்களுக்கும் ஏலக்கூடம் கொடுத்தார்கள். வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் திணறல் என்று பொறியாளர் சொன்னதும் திருவிழா என்று குடியிருப்பவர் சொன்னதும் ஒரே கூட்டத்தைத்தான்.

இந்தத் தர்க்கத்தின் எல்லைக்கோடு ‘டயாப்லோ 3’. 2012 ஜூனில் அதில் நிஜப்பண ஏலக்கூடம் திறக்கப்பட்டது. அரக்கனைக் கொன்று கிடைத்த வாளை டாலருக்கு விற்கலாம், ஆயுதம் ஒன்றுக்கு நிறுவனத்துக்கு ஒரு டாலர். எதிர்பார்த்தபடி எல்லாம் வேலை செய்தது. விளையாட்டு மட்டும் செத்துப்போயிற்று. நல்ல வாள் வேண்டுமானால் குகைக்குப் போவதைவிடப் பட்டியலுக்குப் போவது லாபம் என்றானபின் குகை எதற்கு? 2014 மார்ச் 18 அன்று ஏலக்கூடத்தை இழுத்து மூடினார்கள். ஆட்டத்தின் அடிப்படையையே அது அரித்துவிட்டது என்பது நிறுவனமே சொன்ன காரணம். முழுமையான சந்தை, அதாவது பாடப்புத்தகம் கனவு காண்கிற சந்தை, தன்னைச் சுமந்திருந்த உலகத்தைத் தின்றுவிட்டது என்று நான் வாசிக்கிறேன்.

5

சந்தையைக் கட்டுப்படுத்தினால் சரியாகிவிடுமா என்ற கேள்வி வரும். வரட்டும். ‘ரூன்ஸ்கேப்’ அதற்குப் பதில் வைத்திருக்கிறது.

விளையாட்டுக்குள் தங்கம் சேர்த்து வெளியே நிஜப்பணத்துக்கு விற்பது ஒரு தொழிலாக வளர்ந்தபோது, அதை ஒழிக்க அந்நிறுவனம் 2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலுமாக விதிகளை மாற்றியது. மையச் சந்தை ஒன்றை ஏற்படுத்தி விலைக்கு வரம்பு கட்டினார்கள். ஆளுக்கு ஆள் நேரில் கொடுத்துவாங்கும்போது இருபக்க மதிப்பும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கவேண்டும் என்றார்கள். கள்ளச்சந்தைக்காரன் தங்கத்தை ‘சும்மா’ கொடுப்பதுபோலத்தான் கொடுப்பான், பணத்தை வெளியே வாங்கிக்கொள்வான். ஆகவே சும்மா கொடுப்பதைத் தடுக்கவேண்டும். தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

அதன் விளைவைப் பாருங்கள். புதிதாக வந்த தம்பிக்கு அண்ணன் ஒரு நல்ல வாள் கொடுக்க முடியவில்லை. செத்துக்கிடப்பவனுக்குச் சாமானைத் திருப்பித் தர முடியவில்லை. கடன், உபகாரம், மொய், பிச்சை, எதுவுமே சாத்தியமில்லை. நிரலின் கண்ணுக்குக் கொடையும் கள்ளவியாபாரமும் ஒரே உருவத்தில் தெரிகின்றன, ஏனென்றால் இரண்டிலும் சமன்பாட்டின் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. கொடை என்பது திரும்பி வரும் என்ற நம்பிக்கையில், காலம் கடத்தி நடக்கும் உறவு என்று மார்செல் மோஸ் எப்போதோ காட்டியதுதான். அந்தக் காலதாமதத்தை நிரல் படிக்காது. சமமான பரிமாற்றம் மட்டுமே நியாயம் என்று சட்டம் போட்டால் முதலில் சாவது அன்பளிப்பு. இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, லட்சக்கணக்கானோர் மூன்று வருஷம் அனுபவித்துத் தெரிந்துகொள்வது வேறு.

2011 ஜனவரியில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள், அதில் 91 சதவீதம் பழைய சுதந்திரத்தைத் திருப்பிக் கேட்டது. பிப்ரவரியில் தடை நீங்கியது. கள்ளச்சந்தையும் திரும்பி வரும் என்று தெரிந்தே அவர்கள் வாக்களித்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

6

வீட்டுக்குத் திரும்புகிறேன். அல்டிமாவின் தெருச்சண்டைகளைப் பார்த்துப் பயந்த பிற்கால வடிவமைப்பாளர்கள் ஒரு தீர்வு கண்டார்கள்: ஒரே கதவு, உள்ளே நுழைகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி. லட்சம் பேருக்கு லட்சம் வீடு, ஓர் அங்குல நிலமும் செலவில்லை. ஏழை பணக்காரன் பேதமில்லை. கேட்க சோஷலிசம் மாதிரி இருக்கிறது. ‘வார்கிராஃப்ட்’ 2014 நவம்பரில் ஆளுக்கொரு பாசறை கொடுத்தது. சுரங்கம், மூலிகைத் தோட்டம், வேலையாட்கள் சகலமும் உள்ளேயே. ஆட்டக்காரர்கள் பாசறையை விட்டு வெளியே வரவில்லை. ஊர்கள் வெறிச்சோடின. வீடு எல்லோருக்கும் கிடைத்தது, அயலார் யாருக்கும் கிடைக்கவில்லை.

‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ மறுபக்கம் போனது. 2013 டிசம்பர் தொடங்கி அங்கே வீடுகள் தெருத்தெருவாக, எண்ணிக்கையுடன் இருக்கின்றன. அண்டை வீடு தெரியும், தோட்டத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக் கையசைக்கலாம். விளைவு, மனைகள் போதவில்லை. காலியான மனை எப்போது விற்பனைக்கு வரும் என்பது தெரியாதபடி ஒளித்து வைத்திருந்ததால், பெயர்ப்பலகை முன்னால் மணிக்கணக்காக நின்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். மனிதர்கள் கை வலித்து ஓய, தானியங்கி நிரல்கள் ஓயாமல் அழுத்தின. 2022 ஏப்ரலில் குலுக்கல் முறை வந்தது. முதல் குலுக்கலிலேயே கோளாறு, சில மனைகளுக்கு வென்ற எண் 0 என்று காட்டியது. இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு எழுதவில்லை. வருஷக்கணக்காக வாடகை வீடுகளில், சுவரில் ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரரின் முகம் பார்த்து இருந்தவன் நான். ‘தனக்கென்று ஒரு கதவு’ என்பதற்கு மனிதர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவு படத்தில் வரைந்த கதவாக இருந்தாலும் சரி.

இந்த விளையாட்டில் 45 நாள் வீட்டுக்குள் நுழையாவிட்டால் வீடு இடிக்கப்படும். உள்ளே நுழைய மாதச்சந்தா கட்டியிருக்கவேண்டும். காலியாகக் கிடக்கிற வீடு இன்னொருவருக்குப் போகட்டும் என்பது நியாயமான ஏற்பாடாகத் தோன்றும். இன்னொரு விதமாகவும் படிக்கலாம்: சந்தாவை நிறுத்தினால் வெளியேற்றம். கடிகாரம் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. 2020இல் கொரோனா காலத்திலும், 2024 ஜனவரியில் ஜப்பானின் நோடோ தீபகற்ப நிலநடுக்கத்தின்போதும் நிறுவனம் இந்தக் கடிகாரத்தை நிறுத்திவைத்தது. நிஜ வீடு இடிந்தவரின் நிழல் வீட்டையாவது இடிக்காமல் விடுவோம் என்ற மனிதாபிமானத்தை நான் மதிக்கிறேன். அதே சமயம், ஒரு கையெழுத்தில் நிறுத்தக்கூடிய கடிகாரம் இயற்கை விதி அல்ல என்பதையும் அந்தச் செயல் ஒப்புக்கொண்டுவிட்டது.

2025 பிப்ரவரியில் ‘வார்கிராஃப்ட்’ தன் புதிய வீட்டுத் திட்டத்தை அறிவித்தபோது குலுக்கல் கிடையாது, கனத்த விலை கிடையாது, சந்தா நின்றாலும் வீடு பறிபோகாது என்று உறுதி சொன்னது. யாரைக் குத்துகிறார்கள் என்று பெயர் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. சுமார் ஐம்பது மனைகள் கொண்ட குடியிருப்புகள், தேவைக்கேற்ப இன்னும் இன்னும் முளைக்கும். ஆக, தெருவும் உண்டு, தட்டுப்பாடும் இல்லை. ‘மனை அருமையாக இருந்தால்தான் அயல் என்பதற்கு அர்த்தம்’ என்று அதுவரை சொல்லிவந்தவர்களின் வாதம் இதோடு விழுந்துவிடுகிறது.

ஆனால் இந்தப் புதுத்தெருவில் அயலாரிடம் எனக்கு என்ன வேலை? சரக்கு வாங்க ஏலக்கூடம் இருக்கிறது. அயலார் அலங்காரத்தைப் பார்த்துப் ‘பிரமாதம்’ என்று சொல்லிவிட்டு நகரலாம். கூட்டாகச் செய்ய நிர்வாகம் சில பணிகளைக் கொடுக்கும், செய்யலாம். வீடு காட்சிப்பொருள், சந்தை பட்டியல் என்று இரண்டையும் பிரித்து வைத்ததுதான் இந்தக் கால் நூற்றாண்டு வடிவமைப்பின் மிகப்பெரிய முடிவு என்று நினைக்கிறேன். அதைப் பற்றி யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

7

கார்ல் போலானி 1944இல், நிலம் விற்பனைக்காக உற்பத்தி செய்யப்பட்டதல்ல, அதைச் சரக்கு என்பதே ஒரு புனைவு என்றார். விளையாட்டு நிலம் இந்த வாதத்தைத் தலைகீழாக்குவதுபோலத் தெரிகிறது. இங்கே நிலம் உண்மையாகவே ஆட்களால், விற்பனைக்காக, உற்பத்தி செய்யப்பட்டதுதானே? கொஞ்சம் நிதானித்தால் அப்படி இல்லை என்று புரியும். நிரலாளர்கள் உற்பத்தி செய்தது பரப்பை. அல்டிமாவில் ஊர்வாசலை ஒட்டிய மனைக்கும் காட்டு மூலையில் கிடந்த மனைக்கும் நிரலில் வித்தியாசம் இல்லை. ஒன்றுக்கு விலை ஏறியதற்குக் காரணம் அதன் வழியாகப் போன கால்கள். அந்த மதிப்பைச் செய்தவர்கள் வழிப்போக்கர்கள். பறித்துக்கொண்டவர் முதலில் வந்து வேலி போட்டவர்.

இது பழைய வழக்கு. நிலத்தின் மதிப்பைச் சமூகம் உண்டாக்குகிறது, ஆகவே நிலவாடகை சமூகத்துக்கே சேரவேண்டும் என்று 1879இல் ஹென்றி ஜார்ஜ் எழுதினார். அவருடைய கருத்தைப் பாமரருக்கு விளக்கவேண்டும் என்று எலிசபெத் மேகி என்ற பெண் ஒரு பலகை விளையாட்டை உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்றார். ‘நிலச்சுவான்தார் ஆட்டம்’ என்று பெயர். நிலம் குவிக்கிறவன் எப்படி மற்றவர்களை ஓட்டாண்டி ஆக்குகிறான் என்று காட்டுவது அதன் நோக்கம். எல்லோரும் செழிக்கிற மாற்று விதிகளையும் அவர் எழுதிவைத்தார். 1935இல் அதன் வழித்தோன்றலாகக் கடைக்கு வந்த ‘மோனோபோலி’யில் முதல் விதிகள் மட்டும் தங்கின. எச்சரிக்கையாக எழுதப்பட்டது பொழுதுபோக்காக விற்றது. வீட்டுமனையும் விளையாட்டும் அன்றிலிருந்தே இப்படிச் சேர்ந்துதான் வருகின்றன.

மாற்று விதிகளுக்கு இணைய உலகத்திலும் தடயம் உண்டு. 2004 நவம்பரில் வந்த ‘எவர்க்வெஸ்ட் 2’ எண்ணிக்கை வரம்பில்லாத வீடுகளைக் கொடுத்தது, எல்லோருக்கும் தனிப்பிரதி. மையத்தில் ஒரு தரகரும் இருந்தார், பட்டியலில் தேடலாம். ஆனால் தரகரிடம் வாங்கினால் கமிஷன் உண்டு. விற்பவரின் வீட்டுக்கே போய் வாங்கினால் கமிஷன் மிச்சம். ஒரே ஒரு சிறிய விதி. அதனால் ஆட்கள் கிளம்பிப் போய்க் கதவைத் தட்டினார்கள். உள்ளே போனபின் திரைச்சீலையைப் பார்த்தார்கள், சுவரில் மாட்டியிருந்த டிராகன் தலையைப் பற்றிக் கேட்டார்கள். நிலம் அருமையாகவும் இல்லை, யாரும் யாரையும் முந்தவும் இல்லை, தெரு மட்டும் இருந்தது. 2003இல் வந்து 2011 டிசம்பரில் மூடப்பட்ட ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ (அறிவியல் புனைவு, ஆனாலும் உறவுக்கார விளையாட்டு, அல்டிமாவில் முன்னணி வடிவமைப்பாளராக இருந்த ராஃப் காஸ்டர்தான் இதற்கும்) ஆட்டக்காரர்களின் கடைகளைப் பட்டியலில் தேடவிட்டது, பொருளை எடுக்கக் கடைக்கு நடக்கவைத்தது. அங்கே கைவிடப்பட்ட வீடுகள் பாலைவனமெங்கும் இறைந்து கிடந்ததும் உண்மைதான். குறையில்லாத விதி எதுவும் கிடையாது.

என் வாதம் இதுதான். பற்றாக்குறையை ஆதரிப்பவர்கள் ‘அதுதான் அர்த்தம் தருகிறது’ என்கிறார்கள். தாராளத்தை ஆதரிப்பவர்கள் ‘எல்லோருக்கும் வீடு’ என்கிறார்கள். இரு தரப்பும் சண்டை போடுவது பரப்பைப் பற்றி. அர்த்தம் வந்ததோ ஒருவர் வாசலில் இன்னொருவருக்கு இருந்த தேவையிலிருந்து. அந்தத் தேவையைச் சந்தைப் பட்டியலுக்கு முழுசாக ஒப்படைத்துவிட்டு, மனையை ஒன்றுக்கு நூறாகப் பெருக்கினாலும் சரி, ஒன்றுக்கு நூறு பேரைப் போட்டியிட வைத்தாலும் சரி, கிடைப்பது அடுக்கி வைத்த கதவுகள்தான். எல்லோருக்கும் கதவு கொடுக்கலாம். முச்சந்தியை யாருக்கும் பட்டா போடாமல், அங்கே கடை வைக்கிறவரிடம் வாடகை வாங்கிப் பொதுவில் செலவழிக்கலாம். கூப்பிடு தூரத்தில் இருப்பவரிடம் வாங்கினால் கொஞ்சம் மலிவு என்று ஒரு விதி எழுதலாம். கொடையை மட்டும் எக்காரணம் கொண்டும் தடை செய்யக் கூடாது. இவற்றில் ஒன்றுகூடப் பொறியியலுக்கு எட்டாத விஷயம் இல்லை.

‘விளையாட்டில் தெரு செத்தால் நமக்கென்ன?’ என்று கேட்கிற தோழர்களுக்கு ஒன்று. மண்ணின் அருமை என்ற சாக்கு இல்லாத இடத்திலும் மனிதர்கள் வேலி, குலுக்கல், வெளியேற்றம், தரகு ஆகியவற்றையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள் என்றால், மண் உள்ள இடத்தில் அந்தச் சாக்கு எவ்வளவு தூரம் உண்மை என்று கேட்க வேண்டியிருக்கிறது. கூடவே, இந்த உலகங்களில் குடியிருப்பவர்கள் வீட்டையும் தெருவையும் சந்தையையும் தாங்களே செய்தார்கள், விதியை மட்டும் இன்னொருவர் எழுதினார். 2011இல் ரூன்ஸ்கேப்காரர்களைக் கேட்டார்கள், அதுவும் மூன்று வருஷம் கழித்து, ஒரே ஒரு விஷயத்தில். மற்றவர்களை இன்னும் யாரும் கேட்கவில்லை.